வாயால சொன்னது காத்தோட போயிரும்: பள்ளிக்கூட விசயத்துல பெத்தவங்க உரிமைய காப்பாத்திக்கிறது எப்படி

மூணு தடவ போனேன். ரெண்டு தடவ அதிபர்கிட்ட, மூணாவது தடவ வலயக் கல்விக் காரியாலயத்துக்கு. மகன் பத்தாம் தரம், முதலாம் தவணை தொடங்கினதுல இருந்து கணக்கு டீச்சர் இல்ல, பாடத்துக்கு பதிலா பிள்ளைங்க கிரவுண்ட்ல நிக்கிறாங்க. நான் டவுன்ல தையல் கடைல வேலை செய்றேன், லீவு போட்டா அன்னிக்கு சம்பளம் இல்ல, அப்படியும் போனேன். அதிபர் "வருவாங்கம்மா, சொல்லியிருக்கு"ன்னாரு. வலயத்துல இருந்த உத்தியோகத்தர் ஒரு ஃபைல தொறந்து பாத்துட்டு சொன்னது இன்னும் காதுல இருக்கு: "உங்க பள்ளிக்கூடத்துல இருந்து ஒரு முறைப்பாடும் இல்லையே தங்கச்சி." அவர் பொய் சொல்லல. உண்மையாவே ஒண்ணும் இல்ல. ஏன்னா நாங்க எல்லாரும் வாயால தான் கேட்டுக்கிட்டு இருந்தோம், ஒரு தாள்கூட யாரும் குடுக்கல.

அன்னைல இருந்து நான் கத்துக்கிட்டத தான் இங்க எழுதுறேன். இலங்கை மலையகத்துல பொகவந்தலாவ, மஸ்கெலியா, தலவாக்கலை, பதுளைப் பக்கம் தோட்டங்கள்ல இருக்கிற பெத்தவங்களுக்கு உதவும்னு நம்புறேன், மத்த ஊர்க்காரங்களுக்கும் பெரும்பாலும் இதே வழி தான்.

முதல்ல ஒரு கொப்பி வாங்குங்க. சின்னது போதும். பிள்ளை பேர்ல ஒரு ஃபைலும் போடுங்க. பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, தேர்ச்சி அறிக்கை, பள்ளிக்கூடத்துல இருந்து வந்த எல்லா கடிதமும், காசு கட்டின பற்றுச்சீட்டு, எல்லாம் ஃபைல்ல. கொப்பில தேதி போட்டு யாரப் பாத்தீங்க, என்ன கேட்டீங்க, என்ன பதில் சொன்னாங்கன்னு ரெண்டு வரி. இத நான் சும்மா சொல்லல, மூணு மாசம் கழிச்சு "நீங்க எப்ப வந்தீங்க?"ன்னு கேக்கும்போது தேதி சொல்ல முடிஞ்சா எதிர்ல இருக்கிறவர் உக்காந்து பேசுறாரு, சொல்ல முடியலன்னா நின்னுக்கிட்டே அனுப்பிடுவாரு. எல்லா தாளையும் போன்ல ஃபோட்டோ எடுத்து ஒரு சொந்தக்காரங்களுக்கும் அனுப்பி வைங்க. 2025 நவம்பர் கடைசில டித்வா புயல் வந்தப்ப எத்தன குடும்பத்துக்கு லயத்தோட (தோட்டத்து வரிசை வீடு) சேந்து பிள்ளைங்க பத்திரமும் மண்ணுக்குள்ள போச்சு. பிறப்புச் சான்றிதழ் நகல் பிரதேச செயலகத்துல எடுக்கலாம், ஆனா இலக்கமும் தேதியும் தெரிஞ்சா வேலை சுலபம், தேர்ச்சி அறிக்கைக்கு அந்த வழியும் கெடையாது.

சரி, உரிமைன்னா என்ன உரிமை? 5 வயசுல இருந்து 16 வயசு வரைக்கும் எல்லாப் பிள்ளையும் கட்டாயமா படிக்கணும்னு இருக்கு, முன்ன 14 வரைக்கும் இருந்தத 2016ல 16 ஆக்கினாங்க. நாம அனுப்பணும்ங்கிறது நம்ம கடமைன்னா, அனுப்பின எடத்துல படிப்பு சொல்லிக் குடுக்கணும்ங்கிறது அரசாங்கத்தோட கடமை, இந்த ரெண்டாவது பாதிய நாம கேக்கிறதே இல்ல. அரசியலமைப்புல 12ம் உறுப்புரை எல்லாரும் சட்டத்துக்கு முன்னால சமம்னு சொல்லுது, 21ம் உறுப்புரை சிங்களம் தமிழ் ரெண்டுல எதுலயும் படிக்கலாம்னு சொல்லுது, 22 அரசாங்கத்தோட நம்ம மொழில தொடர்பு வச்சுக்கிறத பத்தினது, 14அ தகவல் கேட்டு வாங்குற உரிமை. பிள்ளைக்கு என்ன சமயம், என்ன ஒழுக்கம் படிப்பிக்கிறதுன்னு தீர்மானிக்கிற சுதந்திரம் பெத்தவங்களுக்கு இருக்குன்னு சர்வதேச குடியியல் அரசியல் உரிமைகள் உடன்படிக்கைல 18ம் உறுப்புரைல இருக்கு, இலங்கை அதுல 1980லயே சேர்ந்திருச்சு. இந்த நம்பரெல்லாம் மனப்பாடம் பண்ணத் தேவையில்ல, கடிதத்துல ஒண்ணு ரெண்டு வந்தா போதும்.

எங்க தோட்டத்து ஆளுங்க ஏன் எழுதிக் குடுக்க பயப்படுறாங்கன்னு எனக்கு நல்லாவே புரியும். 1948ல மலையகத் தமிழரோட பிரஜாவுரிமைய பறிச்சாங்க, எங்க தாத்தா மாதிரி ஆளுங்களுக்கு அரசாங்கத் தாள்னாலே நாடு கடத்துற தாள் தான். 1964ல இந்தியாவோட போட்ட ஒப்பந்தத்துல பாதிக் குடும்பம் கப்பல் ஏறுச்சு, பாதி இங்க நின்னுச்சு, மிச்சம் மீதி இருந்தவங்களுக்கு 2003ல தான் பிரஜாவுரிமைச் சட்டம் வந்துச்சு. தோட்டப் பள்ளிக்கூடமும் அப்படித்தான், 70களோட கடைசில இருந்து தான் கொஞ்சம் கொஞ்சமா அரசாங்கம் எடுத்துச்சு, அதுக்கு முன்னால தோட்டத்த நடத்துற தொர கைல. ஒரே கட்டடம், ஒரே வாத்தியார், அஞ்சாம் வகுப்போட கொழுந்துக்கூடை. அப்படி வளந்தவங்ககிட்ட போய் அதிபருக்கு எதிரா மனு எழுதுங்கன்னா கை நடுங்கத்தான் செய்யும். ஆனா ஒரு விசயம் தெளிவா இருக்கட்டும், எழுதுறது யாருக்கும் எதிரா இல்ல. பல நேரம் அதிபரே ஆள் கேட்டு அலுத்துப் போயிருப்பாரு, பெத்தவங்க கடிதம் வந்தா அவருக்கும் அது ஒரு கைப்பிடி.

கடிதம் எப்படி எழுதுறதுன்னா, ஒரு கடிதத்துல ஒரு பிரச்சினை. டீச்சர் இல்ல, கக்கூஸ் தண்ணி இல்ல, மதில் ஒடஞ்சிருக்கு, எல்லாத்தையும் ஒண்ணா எழுதினா ஒண்ணுக்கும் பதில் வராது. எங்க கடிதத்துல இருந்தது இவ்வளவு தான்:

"எமது பாடசாலையில் 10ஆம் தரத்துக்கு கணித பாட ஆசிரியர் முதலாம் தவணை ஆரம்பத்திலிருந்து இல்லை. இதனால் 34 மாணவர்கள் பாதிக்கப்பட்டுள்ளனர். பதில் ஆசிரியர் எப்போது நியமிக்கப்படுவார் என்பதை எழுத்து மூலம் 14 நாட்களுக்குள் அறியத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்."

கீழ பேரு, கையெழுத்து, விலாசம், தேதி. கைநாட்டு வைக்கிறவங்க கைநாட்டு வைக்கலாம், பக்கத்துல ஒருத்தர் சாட்சிக் கையெழுத்து போடுங்க. கடிதத்துல ரெண்டு பிரதி எடுத்துட்டுப் போங்க, ஒண்ண குடுத்துட்டு மத்ததுல "கிடைத்தது"ன்னு தேதியோட கையெழுத்தும் சீலும் வாங்குங்க. தர மாட்டேன்னா சண்டை வேணாம், நேரா தபால் கந்தோருக்கு போய் பதிவுத் தபால்ல போட்டு அந்த துண்ட ஒட்டி வைங்க. அந்தத் துண்டு தான் உங்க சாட்சி.

யாருக்கு அனுப்புறதுன்னு தான் நிறைய பேர் தடுமாறுறாங்க. முதல்ல பாடசாலை மாகாணப் பள்ளிக்கூடமா தேசியப் பள்ளிக்கூடமான்னு பாருங்க. தோட்டப் பக்கம் கிட்டத்தட்ட எல்லாமே மாகாணம். அப்ப அதிபர், கோட்டக் கல்விப் பணிப்பாளர், வலயக் கல்விப் பணிப்பாளர் (நுவரெலியா மாவட்டத்துல நுவரெலியா, ஹட்டன், கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்தன்னு அஞ்சு வலயம்), அதுக்கு மேல மாகாணக் கல்விப் பணிப்பாளர், மாகாணக் கல்விச் செயலாளர். தேசியப் பள்ளிக்கூடம்னா அதிபருக்கு மேல பத்தரமுல்லை இசுருபாயவுல இருக்கிற கல்வி அமைச்சு. மாகாணத்துல இன்னொண்ணும் கவனிக்கணும்: மத்திய மாகாண சபைக்கு கடைசியா தேர்தல் நடந்தது 2013ல, சபையோட காலம் 2018ல முடிஞ்சிருச்சு, ஊவாவுக்கு கடைசித் தேர்தல் 2014ல. சபை கலைஞ்சதுல இருந்து மாகாணக் கல்வி அமைச்சர்னு ஒருத்தர் இல்ல, அந்த அதிகாரம் ஆளுநர்கிட்ட. அதனால மேல எழுதுற கடிதத்துக்கு ஆளுநர் செயலகத்துக்கும் ஒரு பிரதி போடுங்க. நம்ம ஆளுங்க தொழிற்சங்கத் தலைவர், எம்பின்னு போயிட்டு வந்துடுறாங்க, போங்க தப்பில்ல, ஆனா அவங்க போன் போட்டுப் பேசுறது ஃபைல்ல ஏறாது, உங்க கடிதம் ஏறும்.

எங்களுக்கு முதல் கடிதத்துக்கு பதில் வரல. அப்பதான் பக்கத்து டிவிசன்ல ஒரு தம்பி தகவல் அறியும் சட்டத்த பத்தி சொன்னாரு. இத பத்தி கொஞ்சம் நீட்டியே சொல்றேன், ஏன்னா ஏழை எளியவங்க கைல இருக்கிற ஆயுதங்கள்ல இதுதான் உருப்படியானதுன்னு என் அனுபவம்.

2016ம் வருச 12ம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2017 பெப்ரவரில இருந்து நடைமுறைல இருக்கு. இலங்கைப் பிரஜை யாரும் கேக்கலாம். ஒவ்வொரு அரசாங்க நிறுவனத்துலயும் தகவல் அதிகாரின்னு ஒருத்தர் இருக்கணும், வலயக் காரியாலயத்துலயும் தான். படிவம் இருக்கு, ஆனா படிவத்துல தான் கேக்கணும்னு கட்டாயம் இல்ல, வெள்ளைத்தாள்ல எழுதலாம். தமிழ்ல எழுதலாம். எழுதத் தெரியாதவங்க வாயால சொன்னா அந்த அதிகாரி எழுதிக்கணும்னு சட்டத்துலயே இருக்கு. ஏன் கேக்கிறீங்கன்னு காரணம் சொல்லத் தேவையில்ல, "எதுக்கு உங்களுக்கு இது?"ன்னு கேட்டா "சட்டப்படி காரணம் சொல்லத் தேவையில்லைங்க சேர்"னு மரியாதையா சொல்லுங்க. விண்ணப்பம் குடுத்ததுக்கு அத்தாட்சி கேட்டு வாங்குங்க. 14 வேலை நாளுக்குள்ள தர்றதா இல்லையான்னு தீர்மானிச்சு சொல்லணும், தர்றதா தீர்மானிச்சா இன்னும் 14 நாளுக்குள்ள தரணும், தகவல் நிறைய இருந்தா 21 நாள் வரைக்கும் நீட்டலாம். ஃபோட்டோ கொப்பி முதல் 4 பக்கம் இலவசம், அதுக்கு மேல பக்கத்துக்கு சொற்பக் காசு. பதில் வரல, இல்ல மறுத்துட்டாங்கன்னா 14 நாளுக்குள்ள அதே நிறுவனத்துல குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அவர் 3 வாரத்துக்குள்ள பதில் சொல்லணும், அதுவும் சரியில்லன்னா 2 மாசத்துக்குள்ள கொழும்புல இருக்கிற தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு.

என்ன கேக்கிறதுங்கிறது தான் இதுல சூட்சுமம். "ஏன் டீச்சர் இல்ல?"ன்னு கேக்காதீங்க, ஏன்ங்கிற கேள்விக்கு தாள் இருக்காது. தாள்ல இருக்கிறத கேளுங்க. நாங்க கேட்டது: இந்தப் பள்ளிக்கூடத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆசிரியர் ஆளணி பாட வாரியா எத்தன, இப்ப கடமைல இருக்கிறது எத்தன, கடந்த ரெண்டு வருசத்துல இங்க இருந்து இடமாற்றம் அல்லது இணைப்புல போனவங்க எண்ணிக்கையும் போன தேதியும், அதுக்கான கடிதப் பிரதி. ஆசிரியரோட பேரோ வீட்டு விலாசமோ கேக்கல, அது தனிப்பட்ட தகவல்னு மறுக்க இடம் குடுக்கும்.

பதில் வந்துச்சு. பாத்தா எங்க பள்ளிக்கூடத்துக்கு கணக்கு டீச்சர் இருக்காங்க! தாள்ல இருக்காங்க. சம்பளம் எங்க பள்ளிக்கூடத்துக் கணக்குல, ஆள் "இணைப்பு"ங்கிற பேர்ல டவுன்ல ஒரு பள்ளிக்கூடத்துல. அதனால தான் வெற்றிடம்னே எங்கயும் காட்டல, வெற்றிடம் இல்லாத எடத்துக்கு யாரு ஆள் போடுவாங்க. அந்த டீச்சர நான் குத்தம் சொல்லல, அவங்களுக்கும் தங்க இடம் இல்லாம, காலைல பஸ் இல்லாம என்ன கஷ்டமோ. ஆனா 34 பிள்ளைங்களோட கணக்கு ஒரு தாளுக்குள்ள காணாமப் போனத அந்த பதில் வராம நாங்க கண்டுபிடிச்சே இருக்க மாட்டோம். அந்தப் பதில இணைச்சு 46 பெத்தவங்க கையெழுத்தோட ரெண்டாவது கடிதம் போச்சு, மாகாணத்துக்கும் ஆளுநருக்கும் பிரதி. மூணாம் தவணைக்கு டீச்சர் வந்தாங்க. அவங்களே தான், இணைப்ப ரத்து பண்ணி. இப்ப பிள்ளைங்களுக்கு சனிக்கிழமையும் சேத்து சொல்லிக் குடுக்கிறாங்க, அவங்க தங்குறதுக்கு தோட்டத்துல ஒரு குவாட்டஸ் கேட்டு நாங்களும் எழுதிக் குடுத்திருக்கோம்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கம்னு ஒண்ணு இருக்கே, அதுல பெத்தவங்க எல்லாரும் அங்கத்தவங்க. கூட்டம் வழக்கமா எப்ப வைப்பாங்க, வார நாள்ல காலைல பத்து மணிக்கு. அந்த நேரம் அம்மாமார் மலைல கொழுந்து எடுத்துக்கிட்டு இருப்பாங்க, போனா பேரு (அன்னிக்கு நாள் சம்பளம்) போயிரும், அரைப்பேரும் கெடைக்காது. அப்புறம் "பெத்தவங்களுக்கு அக்கறை இல்ல"ன்னு பேச்சு. பத்து பேர் சேந்து கையெழுத்து போட்டு, கூட்டத்த பின்னேரம் நாலரைக்கு மேல இல்லாட்டி ஞாயித்துக்கிழமை வைக்கச் சொல்லி எழுதிக் குடுங்க. கூட்டத்துல போன கூட்ட அறிக்கைய வாசிக்கச் சொல்லுங்க, கணக்கறிக்கைய கேளுங்க. வெத்துத் தாள்ல, வரவுப் பதிவுன்னு சொல்லி நீட்டினாலும், மேல என்ன எழுதியிருக்குன்னு பாக்காம கையெழுத்து போடாதீங்க. தெரியாத மொழில இருந்தா போடவே போடாதீங்க, "வீட்டுக்கு கொண்டு போய் வாசிச்சிட்டு தர்றேன்"னு சொல்லுங்க.

காசு விசயம். இலவசக் கல்வி 1945ல, கல்வி அமைச்சரா இருந்த கன்னங்கரா காலத்துல வந்தது. பாடப்புத்தகமும் சீருடையும் அரசாங்கம் தருது. சங்கத்துக்கு சந்தா, வசதிக் கட்டணம்னு சின்னத் தொகை இருக்கலாம், ஆனா எது கட்டினாலும் பற்றுச்சீட்டு வாங்குங்க. காசு கட்டலன்னு பிள்ளைய வகுப்புக்கு வெளிய நிறுத்துறது, விடுகைப் பத்திரத்த பிடிச்சு வச்சுக்கிறது, இதுக்கெல்லாம் தலை குனிஞ்சிட்டு வராதீங்க, எந்தச் சுற்றறிக்கைப்படின்னு எழுத்துல கேளுங்க, பெரும்பாலும் அந்தக் கேள்வியோட முடிஞ்சிரும். ஒண்ணாம் தரத்துக்கு இடம் தர்றேன்னு "அன்பளிப்பு" கேட்டா அது லஞ்சம், லஞ்ச ஊழல் ஆணைக்குழு நம்பர் 1954.

ஒண்ணாம் தரம்னதும் ஞாபகம் வருது. ஜனவரி 31ல பிள்ளைக்கு 5 வயசு முடிஞ்சிருக்கணும். டவுன் பள்ளிக்கூடத்துக்கு போட்டி இருந்தா அந்தந்த வருசச் சுற்றறிக்கைப்படி புள்ளி போடுவாங்க, பாதி இடம் பக்கத்துல குடியிருக்கிறவங்களுக்கு, பழைய மாணவர் பிள்ளைங்களுக்கு 25 வீதம், அண்ணன் அக்கா படிக்கிறவங்களுக்கு 15 வீதம்னு. குடியிருப்புக்கு உறுதிப் பத்திரம் கேப்பாங்க, லயத்துல இருக்கிற நமக்கு ஏது உறுதி, அங்கதான் நாம அடிபடுறோம். அதனால வாக்காளர் இடாப்புல பேரு வருசா வருசம் விடாம இருக்கான்னு ஜி.எஸ். (கிராம சேவகர்) கிட்ட இப்பவே பாருங்க, பிள்ளை பொறந்த வருசத்துல இருந்தே பாருங்க. கரண்ட் பில், தோட்ட நிர்வாகத்தோட கடிதம்னு பேரும் விலாசமும் வர்ற எல்லாத் தாளையும் சேத்து வைங்க. தற்காலிகப் பட்டியல் ஒட்டின அன்னிக்கே போய்ப் பாருங்க, மேன்முறையீட்டுக்கு நாள் ரொம்ப குறைவு. பிறப்புச் சான்றிதழ் இல்லன்னு பக்கத்து பள்ளிக்கூடத்துல சேக்க மறுத்தா பேசாம திரும்பாதீங்க, பிரதேச செயலகத்துல காலங்கடந்த பதிவு செய்யலாம், அதுக்கும் வழியில்லன்னா உத்தேச வயதுச் சான்றிதழ் இருக்கு.

மொழி. சிங்களத்துல மட்டும் ஒரு கடிதம் வந்தா பக்கத்து கடைக்காரர்கிட்ட கொண்டு போய் வாசிக்கச் சொல்றது நம்ம பழக்கம். அவர் நல்லவரா இருக்கலாம், ஆனா "ஒண்ணுமில்ல, கூட்டம்னு போட்டிருக்கு"ன்னு அரைகுறையா சொல்லி, ஒரு அம்மா மேன்முறையீட்டு நாள தவற விட்டத நானே பாத்தேன். நுவரெலியா மாவட்டத்துலயும் பதுளை மாவட்டத்துல பல பிரிவுலயும் ரெண்டு மொழிலயும் நிர்வாகம் நடக்கணும்னு வர்த்தமானி அறிவிப்பே இருக்கு, தமிழ்ல எழுதி தமிழ்ல பதில் வாங்குற உரிமை அரசியலமைப்புல இருக்கு. அந்தக் கடிதத்தோட பிரதிய இணைச்சு "இதன் தமிழ்ப் பிரதியைத் தரவும், அதுவரை காலக்கெடுவை நீடிக்கவும்"னு ரெண்டு வரி எழுதி அனுப்புங்க. கேக்கலன்னா அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு. பிறப்புச் சான்றிதழ்ல பிள்ளை பேர தப்பா எழுதியிருந்தா ஒண்ணாம் தரத்துக்கு முன்னாலயே திருத்துங்க, ஓ.எல். எழுதும்போது ஓடினா ரெண்டு மடங்கு அலைச்சல்.

சமயமும் அப்படித்தான். டவுன்ல சிங்கள மொழிமூலம் சேத்த பிள்ளைங்க சைவநெறி டீச்சர் இல்லன்னு வேற சமயப் பாடத்துல உக்காந்திருக்கிறத கேள்விப்படுறேன். வேற சமயத்த தெரிஞ்சுக்கிறது நல்லது தான், ஆனா பிள்ளை எந்தச் சமயத்துல பரீட்சை எழுதணும்னு தீர்மானிக்கிறது நீங்க. சேக்கும்போதே விண்ணப்பத்துல எழுதுங்க, டீச்சர் இல்லன்னா பாடநூல் வாங்கி வீட்டுலயோ கோயில் அறநெறிலயோ படிச்சு பரீட்சை எழுத ஒழுங்கு பண்ணித் தரச் சொல்லி அதிபருக்கு கடிதம் குடுங்க.

இப்ப கல்விச் சீர்திருத்தம்னு பேச்சு. 1ம் தரத்துலயும் 6ம் தரத்துலயும் இருந்து மாத்துறோம்னு 2025ல அரசாங்கம் அறிவிச்சதுல இருந்து வாட்ஸ்அப் குரூப்ல வராத வதந்தி இல்ல. இதுல என் கருத்து கொஞ்சம் கண்டிப்பு தான்: புத்தகத்த வாசிக்காம எதிர்க்காதீங்க, வாசிக்காம ஆதரிக்கவும் செய்யாதீங்க. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தோட இணையத்தளத்துல பாடப்புத்தகம் இலவசமா இருக்கு, போன்ல இறக்கலாம். பாடத்திட்டம் தயாரிக்கிறது மகரகமைல இருக்கிற தேசிய கல்வி நிறுவகம், கொள்கை பத்தி ஆலோசனை சொல்றது தேசிய கல்வி ஆணைக்குழு, ரெண்டுக்கும் பெத்தவங்க தமிழ்ல கடிதம் எழுதலாம். பக்கம் இத்தன, இந்த வரி, இதுல எங்களுக்கு இந்தக் கவலைன்னு எழுதினா பதில் சொல்ற கடமை வரும். "பிள்ளைங்கள கெடுக்கிறாங்க"ன்னு பொதுவா எழுதினா குப்பைக்கூடை. உடம்ப பத்தி, யாரு தொட்டா தப்புங்கிறத பத்தி பாடம் வர்றதுக்கு சில பெத்தவங்க எதிர்ப்பு சொல்றாங்க. அம்மா மத்திய கிழக்குல, அப்பா கொழும்புல, பிள்ளை யார் யார் வீட்டுலயோ வளர்ற எங்க ஊர்ல அந்தப் பாடம் எவ்வளவு அவசியம்னு நான் நேர்ல பாத்திருக்கேன். அத வாசிச்சுப் பாத்துட்டு வயசுக்கு ஏத்த மாதிரி இல்லன்னா அத குறிப்பா எழுதுங்க, மொத்தமா வேணாம்னு சொல்லாதீங்க.

சின்னப் பள்ளிக்கூடத்த மூடி பெரிய பள்ளிக்கூடத்தோட சேக்கிற பேச்சு வந்தா, அத முடிவானப்புறம் எதிர்க்கிறத விட பேச்சா இருக்கும்போதே எழுதுறது முக்கியம். தூரம் எத்தன கிலோமீட்டர், பாதை எப்படி, மழைல மண் சரியுற எடம் எது, பஸ் எத்தன மணிக்கு, ஒண்ணாம் தரப் பிள்ளை நடக்க எத்தன நிமிசம்னு நாமளே அளந்து எழுதணும். கொழும்புல வரைபடத்துல பாக்கிறவருக்கு ரெண்டு கிலோமீட்டர், நம்ம மலைல அது ஒரு மணி நேர ஏத்தம். சட்டமூலமா வந்தா வர்த்தமானில போட்டு 14 நாளைக்கு அப்புறம் தான் நாடாளுமன்றத்துக்கு வரும், உச்ச நீதிமன்றத்துல ஆட்சேபிக்கிறதுக்கு அதுக்கப்புறம் கிடைக்கிற நாளும் சொற்பம், அதனால வர்த்தமானி வந்த உடனே ஆசிரியர் சங்கம், சட்டத்தரணி யாராச்சும் கூட பேசிருங்க. எம்பி ஒருத்தர் மூலமா நாடாளுமன்ற பொது மனுக்குழுவுக்கு மனு குடுக்கலாம், அதுக்கு காசு இல்ல.

வெளிநாடு போற அம்மாமாருக்கு ஒரு வார்த்தை. பிளேன் ஏறுறதுக்கு முன்னால பிள்ளை விசயத்துல யாரு கையெழுத்து போடலாம்னு சத்தியக் கடதாசி ஒண்ணு சமாதான நீதவான் முன்னால முடிச்சு, ஒண்ண பள்ளிக்கூடத்துல, ஒண்ண பாட்டிகிட்ட, ஒண்ண உங்க பையில வைங்க. பாட்டி கூட்டத்துக்கு போனா "பெத்தவங்க வரணும்"னு திருப்பி அனுப்பின கதை எங்க லயத்துலயே ரெண்டு இருக்கு.

அடி. "கண்ண மட்டும் விட்டுட்டு தோல உரிங்க சேர்"னு சொல்லி பிள்ளைய ஒப்படைக்கிற பழக்கம் நம்மகிட்ட இருந்துச்சு, அத நாம தான் நிறுத்தணும். கல்வி அமைச்சோட 2016ம் வருச 12ம் இலக்கச் சுற்றறிக்கைப்படி பள்ளிக்கூடத்துல அடிக்கக் கூடாது. ஆசிரியர் அடிச்சு காது பாதிக்கப்பட்ட ஒரு மாணவனுக்கு நட்டஈடு குடுக்கச் சொல்லி 2021ல உச்ச நீதிமன்றமே தீர்ப்பு சொல்லியிருக்கு. பிள்ளைக்கு காயம்னா அன்னிக்கே ஆஸ்பத்திரில காட்டி துண்டு வாங்குங்க, ஃபோட்டோ எடுங்க, அப்புறம் கடிதம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை நம்பர் 1929, தமிழ்லயும் பேசலாம்.

அதே மூச்சுல இன்னொண்ணும் சொல்லிடுறேன், கோபம் வந்தாலும் பரவால்ல. பெத்தவங்க உரிமைன்னா பிள்ளைய படிப்ப விட்டு நிறுத்துற உரிமை இல்ல. பெரிய மனுசியானதும் பொம்பளப் பிள்ளைய மறிக்கிறது, 15 வயசுல கொழும்பு கடைக்கோ வீட்டு வேலைக்கோ அனுப்புறது, இதெல்லாம் சட்டப்படியும் குத்தம், வேலைக்கு சேக்கிற குறைஞ்ச வயச 2021ல 16 ஆக்கிட்டாங்க. நாம உரிமை கேட்டுப் போற எடத்துல "உங்க பிள்ளை வரவு எத்தன நாள்?"ன்னு கேட்டா பதில் இருக்கணும்.

எல்லாம் எழுதியும் நடக்கலன்னா மனித உரிமைகள் ஆணைக்குழு. கண்டியிலயும் பதுளையிலயும் பிராந்திய அலுவலகம் இருக்கு, 1996க்கு போன் பண்ணலாம், முறைப்பாட்டுக்கு காசு இல்ல, தமிழ்ல எழுதலாம். அடிப்படை உரிமை வழக்கு உச்ச நீதிமன்றத்துல, 126ம் உறுப்புரைப்படி சம்பவம் நடந்து ஒரு மாசத்துக்குள்ள போடணும். அந்த ஒரு மாசத்துக்குள்ள ஆணைக்குழுல முறைப்பாடு போட்டா விசாரணை நடக்கிற காலம் கணக்குல சேராதுன்னு 1996ம் வருச 21ம் இலக்கச் சட்டத்துல இருக்கு, ஆனா விசாரணை உண்மையா நடக்குதுன்னு காட்ட தாள் வேணும், அதையும் கேட்டு வாங்கி வைங்க. காசு இல்லாதவங்களுக்கு சட்ட உதவி ஆணைக்குழு இருக்கு, நீதிமன்றத்துல விசாரிச்சா எடம் சொல்லுவாங்க.

கடைசியா எல்லாரும் கேக்கிற கேள்வி: "எழுதினா பிள்ளைய பழி வாங்க மாட்டாங்களா?" பயம் நியாயம் தான், எனக்கும் ரெண்டு ராத்திரி தூக்கம் இல்ல. அதுக்கு நாங்க செஞ்சது இது. ஒருத்தர் பேர்ல எழுதல, தாள் நடுவுல விசயத்த எழுதி சுத்தி வட்டமா எல்லாரும் கையெழுத்து போட்டோம், யாரு முதல்ல போட்டதுன்னு யாருக்கும் தெரியாது. டீச்சர்மாரை தாக்கி ஒரு வார்த்தை எழுதல. தகவல் கேக்கிற விண்ணப்பத்த பள்ளிக்கூடத்துல பிள்ளை இல்லாத ஒரு அண்ணன் பேர்ல போட்டோம், பிரஜை யாரும் கேக்கலாமே. கடிதம் குடுக்கப் போனப்ப நாலு பேரா போனோம், ஒருத்தர் மட்டும் பேசினோம். குடுத்த அடுத்த கிழமைல இருந்து பிள்ளை வீட்டுக்கு வந்ததும் இன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு கேட்டு கொப்பில எழுதினோம், ஏதாச்சும் நடந்தா தேதியோட காட்டலாம்னு. ஒண்ணும் நடக்கல. அந்தக் கொப்பில அந்த மாசம் பூரா "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல"ன்னு தான் எழுதியிருக்கு, மூணாம் தவணை முதல் நாள் மட்டும் மகனே பேனாவ வாங்கி "இன்னிக்கு கணக்கு பாடம் நடந்துச்சு"ன்னு எழுதி வச்சிருக்கான்.